கால்பந்து வீரர் தொழிலாளரே: அத்யந்தாயா தீர்ப்பு ஒரு மறுவாசிப்பு

தொழில்முறைக் கால்பந்து வீரர் கிளப்புடன் தனியாளாக ஒப்பந்தம் செய்துகொள்ளும் கலைஞர்; சட்டப்படி அவர் தொழிலாளர் அல்லர் என்ற கருத்து ஆய்வுலகில் வேரூன்றிவிட்டது. அதற்கு அரணாகக் காட்டப்படுவது, எச்.ஆர். அத்யந்தாயா எதிர் சாண்டோஸ் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 1994இல் வழங்கிய தீர்ப்பு. அத்தீர்ப்பு உண்மையில் வீரர் பக்கமே நிற்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொழில் தகராறுகள் சட்டம் (1947) உடலுழைப்பு, திறன்சார் வேலை, தொழில்நுட்பம், எழுத்தர் பணி, மேற்பார்வை எனச் சில வேலை வகைகளை அடுக்கியது. இவற்றுள் ஒன்றில் அடங்குபவரே தொழிலாளர் என்றது அமர்வு. திறன் என்பதையும் அடுத்துள்ள வகைகளோடு இணைத்தே படிக்க வேண்டும் என்றதால், அவ்வழக்கின் மையமான மருந்து விற்பனைப் பிரதிநிதி வரையறைக்கு வெளியே நின்றார். முந்தைய ஆய்வுகள் இந்த முடிவை எடுத்துக்கொண்டு அளவுகோலை விட்டுவிட்டன. அதே அளவுகோலை வீரருக்கு வைத்துப் பார்க்கலாம். அவர் செய்வது உடலுழைப்பு. ஆண்டுக்கணக்கில் பழகித் தேர்ந்த திறனும் அதுவே. காலையில் எப்போது திடலுக்கு வர வேண்டும், எந்த இடத்தில் ஆட வேண்டும் என்பதெல்லாம் கிளப்பின் கட்டளை. எவ்வளவு குறுக்கிப் படித்தாலும் அவர் உள்ளேதான் இருக்கிறார். ஆசிரியரைத் தொழிலாளர் அல்லர் என்ற சுந்தராம்பாள் தீர்ப்பு (1988) கற்பித்தலின் தனித்தன்மை பற்றியது. ஆடுகளத்துக்கு அது பொருந்தாது.

1947 சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, பத்திரிகையாளரையும் விற்பனை மேம்பாட்டு ஊழியரையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது, வீரரைச் சொல்லவில்லை. இதை விலக்காகக் கொள்வது அவசரம். அடங்குவாரா என்ற ஐயம் உள்ளவருக்கே தனிச் சேர்க்கை தேவை. வீரர்கள் லட்சக்கணக்கில் வாங்குகிறார்களே என்பதும் நிற்காது: 18,000 ரூபாய் வரம்பு மேற்பார்வைப் பணிக்கு மட்டுமே உரியது.

வீரரைத் தொழிலாளராகக் கருதாததன் விளைவு அவரது அடுப்படி வரை எட்டுகிறது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் வணிகப் பங்காளியுடன் 2010இல் செய்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத இழுபறியில், இந்தியன் சூப்பர் லீக் 2025 ஜூலையில் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் எஃப்சி செயல்பாடுகளையே நிறுத்தியது. இந்தியக் கால்பந்து வீரர்கள் சங்கம் 2006 முதல் இருக்கிறது. ஆனால் அந்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் வீரர்கள் ஒரு தரப்பாக இல்லை. இரண்டு மாதச் சம்பளம் பாக்கியானால், 15 நாள் அவகாசம் கொடுத்து வீரர் விலகலாம் என்கிறது ஃபிஃபா விதி. விலகும் உரிமை பேரம் பேசும் உரிமையாகாது.

தனியாளாகப் பேரம் பேச முடியாத இந்த நிலையைத் தரங்கம்பாடி வட்டார வயல்கள் முன்பே கண்டன. மிராசுதார் முன் தனியாளாக நின்ற பண்ணையாளால் கூலியான மரக்கால் நெல்லைக் கூட்டிக் கேட்க முடியவில்லை. சங்கமாகத் திரண்ட பிறகே 1948இல் மாயூரம் ஒப்பந்தம் கூலியை வரையறுத்தது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. ஆகவே வீரர்கள் தனிச் சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இருக்கும் வரையறையை வைத்தே, கிளப்புதோறும் பேச்சுவார்த்தைச் சங்கமாக அங்கீகாரம் கோரலாம், கோர வேண்டும்.