லைசென்ஸுக்கும் வயதாகும்

எங்கள் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர்களை ஒரு காலத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். ராமாநுஜர் கோயிலும் பெரிய ஏரியும்தான் அப்போது ஊருக்கு அடையாளம். 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை வேலை தொடங்கியது. 1998-ல் சான்ட்ரோ வெளிவந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான், 2012-ல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலை என்று வரிசையாக வந்தன. என்னைப் போல இந்தப் பக்கம் வேலைக்கு வந்தவர்களில் பலர் நாற்பது வயதுக்கு மேல்தான் முதல் காரை வாங்கினோம்.

இப்போது நாங்கள் ஓய்வு பெற்றுவிட்டோம். பிள்ளைகள் வெளிநாட்டில். பேரன் பேத்தி பிறந்தால் ஆறு மாதம், விசா நீடித்தால் இன்னும் சில காலம் என்று அங்கேயே தங்கிவிடுகிறோம். நாம் அங்கே இருக்கும்போது பெட்டியில் கிடக்கும் லைசென்ஸுக்கும் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-ல் வந்தது. அதற்குப் பதிலாக 1939-ல் விரிவான சட்டம் ஒன்று வந்து ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. சட்டைப் பையில் வைத்திருந்த சின்னப் புத்தக லைசென்ஸ் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இன்றைய சட்டம் 1988-ல் நிறைவேறி, 1989 ஜூலை 1 முதல் அமலானது.

இந்தச் சட்டம் வயதுக்கு ஏற்ப லைசென்ஸின் ஆயுளைக் குறைக்கிறது. முன்பு சொந்த வண்டி ஓட்டுபவருக்கு 20 ஆண்டுகள் அல்லது 50 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது வரை. 30 முதல் 50 வரை 10 ஆண்டுகள். 50 முதல் 55 வரை எடுத்தால் 60 வயது வரை. 55-ஐத் தாண்டினால் ஐந்து ஆண்டுகள். நாற்பது வயதைக் கடந்தவர்கள் படிவம் 1ஏ-யில் டாக்டர் சான்றிதழும் தர வேண்டும்.

இதில் நமக்குக் குறையில்லை. கண்ணும் காதும் மங்கும் வயதில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் அதே திருத்தத்தில் இரண்டு சின்ன மாற்றங்கள் வந்தன. அவை பலர் கண்ணில் படவில்லை.

முன்பு காலாவதியான பிறகும் 30 நாள் வரை லைசென்ஸ் செல்லும். அந்தச் சலுகை எடுக்கப்பட்டது. முன்பு காலாவதியாகி ஐந்து ஆண்டுகள் கடந்தால்தான் மீண்டும் ஓட்டிக்காட்ட வேண்டும். அது ஓராண்டாகக் குறைந்தது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் சட்டத்தில் இருந்த 500 ரூபாய் அபராதமும் 5,000 ஆனது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரும்.

எங்கள் குடியிருப்பில் ஒரு நண்பர். லைசென்ஸ் 2022-ல் முடிந்தபோது அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தார். 2024-ல் திரும்பினார். பழைய விதிப்படி 2027 வரை அவகாசம் இருந்திருக்கும். புதிய விதிப்படி 2023-லேயே கெடு முடிந்துவிட்டது. நாற்பது ஆண்டு ஓட்டிய மனிதர், 69 வயதில் பதினெட்டு வயதுப் பையன்களோடு வரிசையில் நின்று இன்ஸ்பெக்டர் முன் ஓட்டிக்காட்டினார். பாஸாகும் வரை, மனைவியை வாராவாரம் மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஆட்டோவைத்தான் நம்பியிருந்தார்.

"வெளிநாட்டிலிருந்தே தூதரகத்தில் புதுப்பிக்கலாமாமே?" என்று பலர் கேட்கிறார்கள். 2021 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பைத்தான் அப்படிப் புரிந்துகொள்கிறார்கள். அது சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கானது. 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி தரப்படும் அந்தப் புத்தகம், நம் லைசென்ஸுக்கு ஒரு மொழிபெயர்ப்பு மாதிரி. அதிகபட்சம் ஓராண்டு செல்லும். அசல் லைசென்ஸ் அதற்குமுன் முடிந்தால் அதுவும் முடிந்துவிடும். வெளிநாட்டில் இருக்கையில் அது காலாவதியானால் இந்தியத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம் என்பதே அறிவிப்பு. வேர் பட்டுப்போனபின் கிளைக்குத் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை.

அதே ஆண்டு மார்ச்சில், ஆதார் வழியாக ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகாமலே பெறக்கூடிய 18 சேவைகளை அறிவித்தார்கள். ஓட்டிக்காட்டத் தேவையில்லாத புதுப்பித்தலும் அதில் உண்டு. ஆனால் நம் வயதுக்கு டாக்டர் சான்றிதழ் வேண்டுமே! அதை நியூஜெர்சியில் யாரிடம் வாங்குவது?

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? பிரிட்டனில் 70 வயதுக்குப் பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, உடல்நிலை பற்றி நாமே உறுதிமொழி தந்து புதுப்பிக்க வேண்டும். சிங்கப்பூரில் 65 வயதிலிருந்து மருத்துவப் பரிசோதனை. ஜப்பானில் 75-ஐத் தாண்டியவர்களுக்கு 2009 முதல் ஞாபகசக்திப் பரிசோதனை. தானாக முன்வந்து லைசென்ஸைத் திருப்பித் தரும் வழியும் 1998 முதல் உண்டு. இவர்கள் எல்லோரும் கேட்பது, "உன்னால் இன்னும் ஓட்ட முடியுமா?" என்பதைத்தான்.

நம் சட்டத்தில், ஊரிலேயே இருந்து தேதி தவறாமல் புதுப்பிப்பவர் எண்பது வயதிலும் ஓட்டிக்காட்ட வேண்டியதில்லை. டாக்டர் சான்றிதழ் போதும். திடகாத்திரமாக இருந்தும் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர் ஓட்டிக்காட்ட வேண்டும். இது முதுமைக்கு வைக்கும் தேர்வா, ஊரில் இல்லாததற்கு வைக்கும் தேர்வா?

கொரோனா காலத்தில், 2020 பிப்ரவரி 1-க்குப் பிறகு முடிந்த லைசென்ஸுகள் செல்லும் என்று அரசே பலமுறை நீட்டித்தது. காரணம் நியாயமானால் விதி வளையும் என்று அப்போதே தெரிந்தது. வெளிநாட்டில் தங்கியதற்குப் பாஸ்போர்ட் முத்திரையைக் காட்டினால் ஐந்து ஆண்டு அவகாசம் தரலாம்; டாக்டர் பரிசோதனையை இன்னும் கண்டிப்பாக்கலாம். இது என் யோசனை.

அதுவரை, நம் கையில் இருப்பதைச் செய்வோம். லைசென்ஸ் முடிவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. பயணத்துக்கு டிக்கெட் போடும்போது பாஸ்போர்ட்டில் தேதி பார்க்கிறோம் அல்லவா? அப்படியே லைசென்ஸையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.