நாய்க் காப்பகங்களும் மோப்ப விளையாட்டும்

கைவிடப்பட்ட நாய்களுக்கென்று தனி இல்லம் அமைக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவானது. 1860இல் மேரி டீல்பி என்னும் பெண்மணி லண்டனின் ஹாலோவே பகுதியில் தொடங்கி, 1871இல் பேட்டர்சீக்கு இடம்பெயர்ந்து, இன்றளவும் அவ்வூரின் பெயராலேயே அறியப்படும் இல்லம் இவ்வகையில் முன்னோடியாகும். வழிதவறிப் பசியால் வாடும் நாய்களுக்கான தற்காலிக இல்லம் என்பதே அதற்கு முதலில் இடப்பட்ட பெயர். அதிலுள்ள 'தற்காலிகம்' என்ற சொல்தான் பின்வந்த நூறாண்டுக்கும் மேலாகக் காப்பகங்களின் கட்டட அமைப்பையும் அன்றாட நடைமுறையையும் தீர்மானித்தது எனலாம். உரியவர் தேடி வரும் வரையோ, புதியவர் ஒருவர் அழைத்துச் செல்லும் வரையோ, இரண்டும் நிகழாவிடில் உயிர் போக்கப்படும் வரையோ காத்திருப்பதற்காகவே நாய் அங்கு வருகிறது என்று கருதப்பட்டதால், அது அங்கே எப்படிப் பொழுதைக் கழிக்கும் என்ற கேள்வி எழவே இல்லை. தெருநாய்களைப் பிடிக்கும் அதிகாரத்தை லண்டன் காவல்துறைக்கு 1867ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியதும், நாய்களை வலியின்றிக் கொல்வதற்கென பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் என்ற மருத்துவர் வடிவமைத்த வாயு அறை 1884இல் பேட்டர்சீ இல்லத்திலேயே நிறுவப்பட்டதும் அக்காலத்தின் இரக்கம் எந்த எல்லையோடு நின்றது என்பதைக் காட்டுகின்றன.

அந்த இரக்கத்தோடு அச்சமும் கலந்திருந்தது. வெறிநோய் குறித்த பீதியும், நெருக்கமாக அடைக்கப்பட்ட விலங்குகளிடையே தொற்று பரவும் வேகமும், எளிதில் கழுவக்கூடிய தரையும் சுவரும் கொண்ட கொட்டில்களையே சிறந்தவையாக ஆக்கின. ஜான் ஜேய்ஸ் என்பவர் 1877இல் காப்புரிமை பெற்ற கிருமிநாசினி, அதாவது தமிழ் வீடுகளில் பினாயில் என்று வழங்கும் திரவத்துக்கு நெருங்கிய உறவான பொருள், குதிரை லாயங்களிலும் நாய்க்கொட்டில்களிலும் புழக்கத்துக்கு வந்தது. இதைக் குறையென்று தள்ளிவிட முடியாது. தூய்மையில்லாத காப்பகத்தில் பார்வோ போன்ற கொடிய நோய்கள் குட்டிகளை வாரிக்கொண்டு போகும். ஆனால் கழுவுகிறவர்கள் எண்ணிப் பார்க்காத ஓர் இழப்பும் அதில் இருந்தது.

மனிதனுக்கு ஏறத்தாழ 60 இலட்சம் மோப்ப உணர்வணுக்கள் உள்ளன என்றும், நாய்க்கு 20 கோடிக்கும் மேல் உள்ளன என்றும் பொதுவாகக் கணக்கிடுவர். நாய் முகரும்போது மூச்சுக்காற்று மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே வெளியேறுவதால், புதிதாக உள்ளே வரும் மணம் கலைவதில்லை. ஒரு கம்பத்தடியில் நின்று முகரும் நாய், அங்கே யார் வந்து போனார்கள், எவ்வளவு நேரத்துக்கு முன் போனார்கள் என்பதையெல்லாம் அறிந்துகொள்கிறது. இத்தகைய உயிரைக் கிருமிநாசினி நெடியில் அடைத்துவைத்து, இரவெல்லாம் அது படுத்துத் தன் மணத்தைப் பதித்துவைத்த தரையைக் காலைதோறும் கழுவித் துடைப்பது, அதற்குத் தெரிந்த உலகத்தையே நாள்தோறும் அழிப்பதற்கு ஒப்பாகும்.

அடைபட்ட விலங்கின் மனநிலை பற்றிய சிந்தனை முதலில் வளர்ந்தது விலங்குக் காட்சிசாலைகளில்தான். சுவிட்சர்லாந்தின் பெர்ன், பாசல், சூரிக் காட்சிசாலைகளுக்கு இயக்குநராக இருந்த ஹைனி ஹெடிகர், கூண்டின் பரப்பைவிட அதனுள் விலங்குக்குச் செய்ய என்ன இருக்கிறது என்பதே முதன்மையானது என்று வலியுறுத்தினார். 1970களில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் காட்சிசாலையில் ஹால் மார்கோவிட்ஸ், கிப்பன் குரங்குகள் நெம்புகோலை இயக்கித் தம் உணவைத் தாமே ஈட்டிக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தார். விலங்கின் இயல்பான திறன்களுக்கு வேலை தரும் வகையில் அதன் சூழலை மாற்றியமைக்கும் இம்முறை 'சூழல் வளமூட்டல்' எனப்படுகிறது.

நாய்க் காப்பகங்களுக்கு இச்சிந்தனை தாமதமாகவே வந்து சேர்ந்தது. நலமாக உள்ள நாயைக் கொல்வதில்லை என்ற கொள்கை, 1994இல் சான் பிரான்சிஸ்கோவில் ஏற்பட்ட தத்தெடுப்பு உடன்படிக்கைக்குப் பின் அமெரிக்காவில் வலுப்பெற்றது. கொலை குறையக் குறைய, எளிதில் வீடு கிடைக்காத நாய்கள் மாதக்கணக்கில் காப்பகத்திலேயே தங்க நேர்ந்தது. ஓயாத குரைப்பும், ஒரே தடத்தில் சுற்றிச் சுற்றி நடப்பதும், வருவோரைக் கண்டு ஒடுங்குவதும், அந்த நாய்களுக்கு வீடு கிடைப்பதை மேலும் கடினமாக்கின.

மணத்தைக் கொண்டு இதற்கு மருந்து தேடிய ஆய்வுகளுள் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரகாம், வெல்ஸ், ஹெப்பர் ஆகியோர் 2005இல் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. காப்பகத்தில் இருந்த 55 நாய்களின் சூழலில் லாவெண்டர், கெமோமில் என்னும் சாமந்தி இனப் பூ, ரோஸ்மேரி, பெப்பர்மின்ட் ஆகியவற்றின் எண்ணெய் மணங்களைத் தனித்தனியே பரவவிட்டபோது, முதலிரண்டிலும் நாய்கள் கூடுதலாக ஓய்வெடுத்தன, குரைப்பும் குறைந்தது. பின்னிரண்டிலும் அவை எழுந்து நடமாடிக் கூடுதலாகக் குரல் எழுப்பின. காப்பகத்துக்குள் பரவும் எந்த மணமும் நாய்க்குப் பொருட்டில்லாத ஒன்றன்று என்பதை இது உறுதிசெய்தது. ஆயினும் இம்முறையில் மணம் நாயைத் தேடி வந்ததேயன்றி, நாய் மணத்தைத் தேடிப் போகவில்லை. பிந்தையதே நாயின் இயல்புக்கு நெருக்கமானது.

அத்தேடலுக்கு வடிவம் தந்தது காவல்துறை மோப்ப நாய்களின் பயிற்சி முறையாகும். அதைச் சாதாரண நாய்களுக்கான விளையாட்டாக மாற்றி, ரான் கான்ட், ஏமி ஹெராட், ஜில் மேரி ஓ'பிரையன் ஆகிய மூவரும் 2006இல் தென் கலிபோர்னியாவில் வகுப்புகளைத் தொடங்கினர். பிர்ச் மரம், சோம்பையொத்த அனீஸ், கிராம்பு ஆகியவற்றின் எண்ணெய் மணங்களைக் கண்டுபிடிப்பதே இதன் முதிர்ந்த நிலை. தொடக்கத்துக்கோ பழைய அட்டைப் பெட்டிகளே போதும். தரையில் பரப்பிய பெட்டிகளுள் ஒன்றில் மட்டும் இறைச்சித் துண்டு இருக்கும். நாய் உள்ளே வந்ததும் எவரும் அதற்குக் கட்டளையிடுவதில்லை, தவறினாலும் அதட்டுவதில்லை. முதலில் தயங்கி ஓரமாகவே நடக்கும் நாய், காற்றில் மணம் பட்டதும் சட்டென்று தலையைத் திருப்பி, மூச்சு வேகமெடுக்க, பெட்டிக்குப் பெட்டி தாவி, உரிய பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துவிடுகிறது. ஒரு நேரத்தில் ஒரு நாய் மட்டுமே ஆடுவதால், பிற நாய்களைக் கண்டு அஞ்சும் நாயாலும் சீறும் நாயாலும் இதில் பங்குகொள்ள முடிகிறது. கூண்டை விட்டு அதிகம் வெளிவராத நாய்களுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டைச் சொல்வது அரிது.

2019இல் டுரான்டன், ஹோரோவிட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் மோப்பப் பயிற்சி பெற்ற நாய்கள், உணவு உண்டா இல்லையா என்று தெளிவாகாத இடத்தில் வைத்த கிண்ணத்தை, உண்டு என்ற நம்பிக்கையோடு முன்னைவிட விரைந்து அணுகின. உரியவரின் காலோடு ஒட்டி நடக்கப் பழகிய நாய்களிடம் அம்மாற்றம் காணப்படவில்லை. அவை வீட்டு நாய்கள் என்பதால் அம்முடிவைக் காப்பக நாய்கள்மேல் அப்படியே ஏற்றிச் சொல்லலாகாது. எனினும் தானே தேடித் தானே கண்டடைவது நாயின் மனநிலையை மாற்றக்கூடும் என்பதற்கு அது வலுவான சான்று. நாய்க் காப்பகத்துக்கு அரிசியும் பழந்துணியும் கொடுத்தனுப்பும் அன்பர்கள், வீட்டில் மிஞ்சும் அட்டைப் பெட்டிகளையும் அவற்றோடு சேர்த்து அனுப்பலாம்.