அஞ்சினான் புகலிடம்

திருக்கோயிலூருக்கு மேற்கே, தென்பெண்ணையாற்றுப் பகுதியில் உள்ளது ஜம்பை என்னும் சிற்றூர். அங்குள்ள குன்றில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி ஈந்த 'பாளி'யைக் குறிப்பிடுகிறது. பாளி என்பது துறவியர் தங்குமிடம். தமிழகத்துச் சமணக் குகைத்தளங்கள் பலவற்றின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாதவாறு ஒரு காடி வெட்டப்பட்டிருப்பதை நம்மவர் பலரும் கண்டிருப்பர். மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் மிதிபடாதிருக்க ஓரிடத்திலேயே தங்கும் சாதுர்மாஸ்ய நியமம் உடையவர்க்கு அக்காடி எத்துணை உதவியாக இருந்திருக்கும்!

அதே ஜம்பைப் பகுதியில், கண்டராதித்தப் பெரும்பள்ளியைக் குறிக்கும் பிற்காலச் சாசனம் ஒன்றும் உண்டு. அதில் வரும் சொற்றொடரே 'அஞ்சினான் புகலிடம்' என்பது. மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 'சமணமும் தமிழும்' என்னும் நூலில் இவ்வழக்கத்தை அபயதானத்தோடு இணைத்துக் காட்டியுள்ளார். உணவும் மருந்தும் சாத்திரமும் ஈவது போன்றே அச்சம் நீக்குவதும் தானமே என்பது நம் கொள்கை. வந்தவன் எவன், எதற்கு அஞ்சி வந்தான் என்று அச்சொற்றொடர் வினவவில்லை. துறவியர்க்கு ஈந்த நிழல் அஞ்சிய யாவர்க்கும் விரிந்தது என்றே யான் கொள்கிறேன்.

எனினும் ஒன்று எஞ்சுகிறது. அஞ்சியவன் வாயில் தேடி வருவான், நாணியவன் வரமாட்டான். அவனுக்கு யாது செய்வது?

இதற்கு விடை கச்சு நாட்டில் கிடைக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பத்ரேசுவரத்தில் வாழ்ந்த ஜைன வணிகர் ஜகடூ. 1256 முதல் 1258 வரை மழை பொய்த்துப் பெரும்பஞ்சம் வாட்டியபோது, அவர் முன்னரே சேர்த்து வைத்திருந்த தானியத்தைத் திறந்தளித்தார் என்று சர்வானந்தர் இயற்றிய 'ஜகடூ சரிதம்' கூறுகிறது. குஜராத் மன்னன் தானியம் கேட்டபோது, அது ஏழைகளின் உடைமை என்று களஞ்சியத்தில் பொறித்து வைத்திருந்த செப்பேட்டைக் காட்டினாராம். காவியமாதலின் சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். ஆயினும் ஒரு செய்தி மனத்தை விட்டு அகல்வதில்லை. கையேந்த நாணிய குடிப்பிறந்தோர்க்கு, உள்ளே பொற்காசு மறைத்த உருண்டைகளை அவர் வழங்கினார். அவற்றின் பெயர் 'லஜ்ஜா பிண்டம்', அதாவது நாணத்தின் கவளம்.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. நம் குடும்பங்கள் வாழும் திண்டிவனம், செஞ்சி வட்டாரமெங்கும் அடைமழை. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். டிசம்பர் 2ஆம் நாள் விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கும் மேலாக நீர் திறக்கப்பட, புகலிடச் சாசனம் கண்ட அதே தென்பெண்ணை கரைபுரண்டு ஊர்களுக்குள் நுழைந்தது. பள்ளிக்கூடங்களும் கல்யாண மண்டபங்களும் முகாம்களாயின.

அத்தகைய பள்ளிக்கூடம் ஒன்றுக்குச் சாம்பார் சாதம் கொண்டு சென்றவர்களுள் யானும் ஒருவன். வெங்காயம், பூண்டு இல்லையே என்று எவரும் கேட்கவில்லை! வரிசையில் நில்லாமல் ஒரு தாயார் தூணருகே ஒதுங்கி நின்றார். நிலமும் மாடும் உடைய வீடு அவருடையது என்பது பேச்சில் தெரிந்தது. எங்களுடன் வந்த இளைஞர் ஒருவர் கைப்பேசியை உயர்த்தி, உணவு பெறுவோரைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். முதியவர் ஒருவர் அவர் கையை மெல்லத் தாழ்த்திவிட்டு, அத்தாயாரிடம் சென்று, "அம்மா, எங்களுக்குக் கை போதவில்லை, சற்றே பரிமாறித் தருகிறீர்களா?" என்று கேட்டுக் கரண்டியை நீட்டினார்.

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். குழந்தைகளுக்கு முதலில் இட்டார். கதிரவன் சாயுமுன் நம்மவரும் உண்ண வேண்டுமாதலின், இறுதிப் பந்தியில் எங்களோடு அவரும் அமர்ந்தார்.