மென்பொருள் ஆவணங்களின் தோற்ற ஒருமை

மென்பொருள் ஆவணங்களின் தோற்ற ஒருமை என்பது, ஒரு திட்டத்தின் கையேடு, பயிற்சிப் பாடம், செயற்கூறு விளக்கம் என எல்லாப் பக்கங்களிலும் தலைப்பு, நிரல்துண்டு, எச்சரிக்கைக் கட்டம், அட்டவணை, படம் ஆகியவை ஒரே முறையில் அமைவதைக் குறிக்கும். எச்சரிக்கை எங்கும் ஒரே நிறத்தில் இருந்தால்தான், அவசரத்தில் புரட்டுபவரின் கண் அங்கே நிற்கும். கோப்பை அழித்துவிடும் கட்டளையைப் பற்றிய எச்சரிக்கைக்கு இது மிகவும் முக்கியம்.

பலர் பல ஆண்டுகளாக எழுதிவரும் திறமூலத் திட்டங்களில் விதிப்புத்தகத்தால் மட்டும் இந்த ஒருமையைக் காப்பாற்ற முடிவதில்லை. தோற்றத்தை எழுதுபவரின் பொறுப்பிலிருந்தே எடுத்துவிடுவதுதான் உறுதியான வழி. பைத்தான் மொழியின் ஆவணங்கள் லேட்டெக்கிலிருந்து ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் குறிமுறைக்கு மாறியபோது, அதற்காக உருவான ஸ்பிங்ஸ் கருவி 2008-இல் வெளிவந்தது. எழுதுபவர் ‘இது எச்சரிக்கை’ என்று குறித்தால் போதும். நிறமும் எழுத்துருவும் தீம் எனப்படும் தோற்ற வார்ப்புருவில் இருக்கும். எந்தத் தீம் என்பதை அமைப்புக் கோப்பின் ஒரு வரி சொல்லிவிடும். பைத்தான் தரவு நூலகமான பாண்டாஸின் ஆவணங்களுக்காகத் தொடங்கிய ஒரு தீம், பிறகு பைடேட்டா தீமாக வளர்ந்து நம்பை, சைப்பை ஆகிய நூலகங்களின் ஆவணங்களுக்கும் பொதுவாயிற்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் ஆய்வாளருக்குத் தேடல் பெட்டியும் பக்கப்பட்டியும் பழகிய இடத்திலேயே கிடைக்கின்றன.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் ஆவணங்களும் 2016-இல், 4.8 பதிப்பில் ஸ்பிங்ஸுக்கு மாறத் தொடங்கின. கெர்னல் நிரலாளர்களில் பலர் ஆவணத்தை உலாவியில் பார்க்காமல் மூலக்கோப்பாகவே படிப்பவர்கள். எனவே மூலத்தின் தோற்றமும் அங்கே கணக்கில் வருகிறது. ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் குறிமுறையில் தலைப்பின் அடிக்கோட்டுக்கு எந்தக் குறியையும் இடலாம். கோப்பில் முதலில் வருவதே முதல் நிலையாகிவிடும். இப்படி விட்டால் கோப்புக்குக் கோப்பு மாறும் என்பதால், கெர்னல் வழிகாட்டி ஒரு வரிசையை வகுத்துள்ளது. ஆவணத் தலைப்புக்கு மேலும் கீழும் சமக்குறிகள், அத்தியாயத்துக்குக் கீழே மட்டும் சமக்குறிகள், பிரிவுக்குச் சிறுகோடுகள், உட்பிரிவுக்கு அலைக்கோடுகள். குறிமுறையை அளவாகவே பயன்படுத்துமாறும் அது கேட்டுக்கொள்கிறது. உரை உரையாகவே படிக்கும்படி இருக்க வேண்டும் என்ற இந்த அக்கறை மற்றத் திட்டங்களும் பின்பற்றத் தக்கது.

தீம் எட்டாத இடம் படங்கள். வெளிர் பின்னணிக்காகக் கறுப்புக் கோட்டில் வரைந்த படம், பின்னணி ஒளிபுகுவதாக இருந்தால், இருள் பயன்முறையில் கண்ணுக்கே தெரியாது. பைடேட்டா தீம் இதற்காக ஒரே படத்தின் இரு வடிவங்களை வைத்து, பயன்முறைக்கு ஏற்றதை மட்டும் காட்ட வழிசெய்கிறது. வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பின் ஆவணங்களில் வரைபடங்கள் நிரலாகவே பக்கத்தில் எழுதப்படுகின்றன. ஆவணத்தைக் கட்டும்போது படம் உருவாகிறது. நூலகத்தின் இயல்பு நிறங்கள் மாறினால் அடுத்த கட்டுதலில் அவற்றைப் பயன்படுத்தும் எல்லாப் படங்களும் சேர்ந்து மாறும். ஸ்கிரீன்ஷாட்டுகளுக்கு இந்த வசதி எளிதில் வாய்ப்பதில்லை. சாளர அகலம், திரைத் தெளிவு, இடைமுக மொழி, மாதிரித் தரவு ஆகியவற்றை முன்பே நிலைப்படுத்திக்கொண்டு, முடிந்தால் தானியங்கி நிரல் கொண்டு ஒவ்வொரு வெளியீட்டுக்கும் புதிதாக எடுப்பதே நடைமுறை.