கணக்கேட்டின் மறுபக்கம்: கம்பனிகளின் நிதிசாரா அறிக்கைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலாபநட்டக் கணக்கு ஒரு கம்பனி ஈட்டிய செல்வத்தைக் கூறும். அச்செல்வம் எவரது உழைப்பினால், எச்சூழலின் இழப்பினால் ஈட்டப்பட்டது என்பதைக் கூறாது. இக்குறையை நிரப்ப எழுந்தவையே நிதிசாரா அறிக்கைகளாகும். அவை கம்பனிகளின் சமூகப் பொறுப்புணர்விலிருந்து தாமாகவே மலர்ந்தவை என்ற கருத்துப் பரவலாக உண்டு. வரலாற்றுச் சான்றுகள் இக்கருத்துக்கு அரண் செய்வனவாக இல்லை.

1968 மே மாதத்து மாணவர், தொழிலாளர் எழுச்சியின் பின்னர், தொழிலகத்தினுள் நிலவும் உறவுகள் சீர்திருத்தப்பட வேண்டும் என்ற குரல் பிரான்சில் வலுத்தது. 1975இல் வெளிவந்த சுத்ரோ அறிக்கை இதனை ஆராய்ந்தது. 1977 யூலை 12ஆம் திகதிச் சட்டம், முந்நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் 'சமூக ஐந்தொகை' ஒன்றைத் தயாரிக்க வேண்டுமென விதித்தது. வேதனம், உடல்நலம், பாதுகாப்பு, பயிற்சி ஆகியன அதில் இடம்பெற்றன. அது முதற்கண் தொழிலாளர் பிரதிநிதிகள் அமர்ந்த தொழிலகக் குழுவின் முன் வைக்கப்பட்டது. அதாவது, அவ்வறிக்கையின் முதல் வாசகன் தொழிலாளியே.

சுற்றாடல் பற்றிய அறிக்கையிடலின் பிறப்பு இதனினும் துயரமானது. 1984 டிசெம்பர் 2ஆம் திகதி நள்ளிரவையொட்டிப் போபால் நகரின் யூனியன் காபைட் தொழிற்சாலையிலிருந்து மெதைல் ஐசோசயனேற்று நச்சுவாயு கசிந்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தம் அயலில் எந்த நஞ்சு தேக்கிவைக்கப்பட்டிருந்தது என்பதை அம்மக்கள் அறிந்திருக்கவில்லை. 1985 ஓகஸ்ற்றில் ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவிலுள்ள அக்கம்பனியின் ஆலையிலும் நச்சுக்கசிவு நேர்ந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். 1986இல் அந்நாட்டுச் சட்டமன்றம் 'அறியும் உரிமை'யைச் சட்டமாக்கி, ஆலைகள் வெளியேற்றும் நச்சுப்பொருள்களின் அளவை ஆண்டுதோறும் அறிவிக்கச் செய்தது. இந்தியாவும் 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான செய்முறைகள் பற்றிய விபரங்களைத் தொழிலாளருக்கும் அயல்வாழ் மக்களுக்கும் தெரிவிக்குமாறு பணித்தது.

இவ்வறிவித்தலின் வலிமை விரைவிலேயே புலப்பட்டது. அமெரிக்கச் சட்டத்தின் கீழ் முதல் விபரங்கள் 1988இல் ஒப்படைக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே மொன்சான்ரோ கம்பனி, தான் காற்றில் வெளியேற்றும் நச்சுப்பொருள்களை 1992க்குள் 90 சதவீதத்தாற் குறைப்பதாக உறுதியளித்தது. பொதுமக்கள் பார்வைக்கு வரும் எண் கம்பனியின் நடத்தையையும் மாற்றவல்லது என்பதற்கு இது சான்றாகும்.

1989 மார்ச்சில் எக்ஸன் வல்டீஸ் கப்பல் அலாஸ்காக் கடலில் மசகெண்ணெயைக் கொட்டியதையடுத்து, முதலீட்டாளரும் சுற்றாடல் அமைப்புகளும் இணைந்த 'சீரிஸ்' எனும் கூட்டமைப்பு நடத்தை நெறிகளை வகுத்தது. அதன் முயற்சியால் 1997இல் உலகளாவிய அறிக்கையிடல் முன்முயற்சி தோன்றி, 2000இல் தன் முதலாவது வழிகாட்டியை வெளியிட்டது. எனினும் அது சட்டமன்று. எதனைச் சொல்வது, எதனை விடுப்பது என்ற தெரிவு பெரும்பாலும் கம்பனியிடமே இருந்தது. அழகிய நிழற்படங்கள் நிறைந்த அறிக்கைகள் பெருகியமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இன்றைய விவாதமும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே. 2023இல் சர்வதேச நிலைபேற்றுத் தர நியமச் சபை வெளியிட்ட நியமங்கள், சுற்றாடலும் சமூகமும் கம்பனியின் நிதிநிலையை எவ்வாறு பாதிக்கும் என முதலீட்டாளர் அறியவேண்டியதையே முதன்மைப்படுத்துகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022ஆம் ஆண்டுப் பணிப்புரையோ, கம்பனி உலகைப் பாதிக்கும் விதத்தையும் உடன் கேட்டது. ஆனால் 2025 பெப்ரவரியில் ஐரோப்பிய ஆணைக்குழுவே, அறிக்கையிட வேண்டிய கம்பனிகளின் தொகையைப் பெரிதும் குறைக்கும் முன்மொழிவை வைத்தது. நிர்வாகச் சுமையும் போட்டித்திறனும் அதற்குக் கூறப்பட்ட நியாயங்கள்.

சிறிய கம்பனிகளுக்கு அச்சுமை மெய்யானதே. ஆயினும் அறிக்கையின் நீளத்தைவிட, அது எவருக்காக எழுதப்படுகின்றது என்பதே அடிப்படை வினா. தொழிலாளியும் ஆலையின் அயலில் வாழ்பவரும் வாசகர் நிலையிலிருந்து நீங்கி முதலீட்டாளர் மட்டும் எஞ்சுவாராயின், நிதிசாரா அறிக்கை மீண்டும் நிதி அறிக்கையின் ஒரு பிற்சேர்க்கையாகிவிடும். போபால் மக்களுக்கு மறுக்கப்பட்டது ஓர் எளிய தகவலே. அதற்கு அவர்கள் கொடுத்த விலையை எக்கணக்கேடும் இன்னும் முழுமையாகப் பதியவில்லை.