மாலை நாலேகால் மணி

ஜவ்வாது மலைத் தேன் என்று ஒரே பெயரில் வாங்கினாலும் அது ஒரே பூச்சியின் தேன் இல்லை. புதரில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீ, மரப்பொந்தில் வரிசையாக அடை கட்டும் அடுக்குத்தேனீ, பாறை விளிம்பில் முறம் அளவு அடை தொங்கவிடும் மலைத்தேனீ. மூன்றும் ஒரே பேரினம், ஒரே காடு. ராணி கலவிக்குப் பறக்கும்போது ஆண்களை இழுக்கும் வாசனையின் முக்கிய வேதிப்பொருள்கூட மூன்றுக்கும் ஒன்றுதான். அப்புறம் எப்படிக் கலக்காமல் இருக்கின்றன?

பதில் இலங்கையில் கிடைத்தது. கோனிகரும் விஜயகுணசேகரவும் ஆண் தேனீக்கள் கிளம்பும் நேரத்தைக் குறித்து 1976-ல் வெளியிட்டார்கள். கொம்புத்தேனீ உச்சிவெயிலிலிருந்து இரண்டரை மணிவாக்கில் வரை. அடுக்குத்தேனீ மாலை நாலேகாலிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரம். மலைத்தேனீ ஆறுக்கு மேல், இருட்டுகிற வேளையில். ஒரே அலைவரிசையை ஆளுக்கொரு நேரம் பிரித்துக்கொள்வது எங்கள் கணினித் தொழிலில் பழைய வித்தை. இதுங்க ரொம்ப முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கு.

ஆண் தேனீ வெளிச்சத்தையும் பார்க்கிறது, சூட்டையும் பார்க்கிறது. சூரியன் மறையும் நேரம் நாள்காட்டிப்படியே நடக்கும். சூடு அப்படியில்லை. இந்த இடைவெளி குறுகினால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் இரண்டு புலிவரி வண்ணத்துப்பூச்சி இனங்கள் கலக்கும் எல்லை, வெப்பம் ஏற ஏற வடக்கே நகர்கிறது. அங்கே கலப்புக் குஞ்சு பிழைக்கிறது. தேனீயில் பிழைப்பதில்லை. அடுக்குத்தேனீயையும் ஐரோப்பியத் தேனீயையும் செயற்கையாகக் கலந்து பார்த்த ருட்னரும் மாவுலும் 1983-ல் எழுதியது, கரு முட்டைக்குள்ளேயே தொடக்க நிலையில் செத்துப்போகிறது என்று. ராணி வாழ்நாளின் தொடக்கத்தில் சில நாட்கள் மட்டும் பறந்து, ஆயுசுக்கும் தேவையான விந்தைச் சேர்த்துக்கொள்கிறாள். அதில் வேற்றினத்தின் பங்கு கூடினால் அவ்வளவும் நஷ்டம். புது இனமும் பிறக்காது, கூடும் நிறையாது.

எல்லாப் பழியையும் வெப்பமயமாதல் மேல் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இங்கே நேர ஒப்பந்தத்தை முதலில் கலைத்தது மனிதர்கள்தான். 1991-92 வாக்கில் தாய் சாக்புரூட் வைரஸ் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அடுக்குத்தேனீப் பெட்டிகளைக் காலி செய்தது. அதற்குப் பிறகு ஐரோப்பியத் தேனீப் பெட்டிகள் தெற்கே பெருகின. அதன் ஆண்கள் பிற்பகல் முழுக்கப் பறப்பவை. நாலேகால் மணியும் அதற்குள் அடங்கும். ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸில் அடுக்குத்தேனீ ராணிகள் ஐரோப்பிய ஆண்களோடு இணைந்திருப்பது மரபணுச் சோதனையில் தெரிந்தது. அங்கே அடுக்குத்தேனீதான் வெளியிலிருந்து வந்தது. இங்கே வந்தது மற்றது.