கரைக்குறியும் கைக்கருவியும்

எழுத்துக்கலை மக்களின் நினைவாற்றலைக் கெடுத்துவிடும் என எகிப்திய மன்னன் ஒருவன் அஞ்சியதாகக் கிரேக்க அறிஞர் பிளேட்டோ ஒரு கதை கூறுகின்றார். ஏறத்தாழ 2400 ஆண்டுகட்கு முன் எழுதப்பட்ட அக்கதையின் அச்சம் இன்று எம் கல்முனைக் கடற்கரையிலும் கேட்கின்றது. ஆயின் ஈண்டு முதியோர் அஞ்சுவது எழுத்தையன்று. படகிலேறும் இளைஞன் கையோடு கொண்டுசெல்லும் ஜி.பி.எஸ். என்னும் இடங்காட்டிக் கருவியை.

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தொடரும் இக்கரையில் கடலை நம்பி வாழும் குடும்பங்கள் பல. மீன் கூடும் பார்களை அவர்தம் முன்னோர் எவ்வாறு நினைவில் வைத்தனர்? கரையோரத் தென்னையொன்று அதன் பின்னேயுள்ள பள்ளிவாசல் மினாராவை மறைக்கும் நேர்கோடு ஒன்று. கோயிற்கோபுரமும் மேற்கே தொலைவில் தோன்றும் மலைமுடியும் பொருந்தும் நேர்கோடு மற்றொன்று. இவ்விரண்டும் வெட்டுமிடமே பார். கல் கட்டிய கயிற்றை இறக்கி ஆழத்தைப் பாகக் கணக்கில் அளந்து ஐயம் நீக்கிக்கொள்வர். இரவாயின் வெள்ளிகள் துணை. வகுப்பறையில் வடிவியல் கற்பிக்க யான் படும்பாட்டை எண்ணுங்கால், அதனைக் கல்லாமலே கையாண்ட அம்முதியோர்மீது எனக்குச் சிறிது பொறாமையும் உண்டு.

இதில் நாம் கருதத்தக்கது மற்றொன்றுண்டு. முஸ்லிம் மீனவரின் நினைவில் கோயிற்கோபுரமும், இந்து மீனவரின் நினைவில் மினாராவும் இன்றியமையாக் குறிகளாய் இருந்தன. அயலூரை மறந்தவன் தன் பாரையும் இழப்பான்.

நிற்க. அமெரிக்கப் படைத்துறை 1978 முதல் ஏவத் தொடங்கிய செய்மதிகளின் தொகுதி 1995இல் முழுமையுற்றது. பொதுமக்களுக்குரிய அலைகளில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழை 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டது. அதுவரை நூறு மீற்றர் அளவு பிழைபடக்கூடிய கருவி, பின்னர்ப் பத்திருபது மீற்றருக்குள் இடத்தைச் சுட்டலாயிற்று. கையடக்கக் கருவியொன்றில் பாரின் எண்களைப் பதித்தால் போதும். தேடியலையும் நேரமும் எரிபொருளும் மிச்சம். மூடுபனியிலும் தொழில் நிற்பதில்லை. ஒரு மனிதனின் உழைப்புப் பயனை இக்கருவி பெருக்கியது என்பதை மறுப்பார் இலர்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை வாரிச்சென்றது. தென்னைகள் வீழ்ந்தன, கட்டடங்கள் தகர்ந்தன. உயிர் தப்பியோர் மீண்டும் கடலேறியபோது, மனத்திலிருந்த பல குறிகள் கரையில் இருக்கவில்லை. இந்நிகழ்ச்சி என் பழைய கருத்தொன்றை மாற்றியது. நினைவு முழுவதும் தலைக்குள் இருப்பதென எண்ணியிருந்தேன். அதன் பாதி எப்போதும் வெளியே, மரத்திலும் மதிலிலும் எழுதப்பட்டிருந்தது போலும். அவ்வகையில் கருவி முற்றிலும் புதிய துணையன்று.

ஆயினும் வேற்றுமை உண்டு. இலண்டன் நகரத் தெருக்களை மனனஞ்செய்த வாடகைக்கார் ஓட்டுநரின் மூளையில், இடநினைவுக்குரிய பகுதியின் பின்புறம் ஏனையோரினும் பருத்திருந்ததை மகுவயர் முதலிய ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மரத்தைக் குறியாகக் கொண்டவன் நாடோறும் அதனைத் தன் கண்ணால் பொருத்திப் பார்த்தான், பயிற்சி அவனுடையது. எண்ணைப் பின்தொடர்பவனுக்கு அப்பயிற்சி இல்லை.

என் பழைய மாணவன் ஒருவன் கருவி நனைந்து அணைந்த ஓரிரவைப் பற்றிச் சொன்னான். கரையின் விளக்குகள் தெரிந்தும் எவ்வூர் என அறியாது விடியும்வரை மிதந்தானாம். ஊர் திரும்பியபின், படுக்கையிலிருந்த தன் பாட்டனாரிடம் குறிகளைக் கேட்டுக் கொப்பியில் எழுதத் தொடங்கினான். அதனை எனக்குக் காட்டினான். பாதிக்கு மேற்பட்டவை இன்று இல்லாத மரங்கள். அவற்றின் எதிரே, தன் கருவி தரும் எண்களை ஒவ்வொன்றாகப் பொருத்தி எழுதி வருகின்றான். இன்னும் சில பார்களுக்கு எண் கிடைக்கவில்லை. பாட்டனாரை அழைத்துச் செல்லவும் இனி இயலாது.